கணினி மின்தொடக்கப் பழுது

கணினி மின்தொடக்கப் பழுது என்பது, தொடக்கப் பொத்தானை அழுத்திய பின்னரும் ஒரு மேசைக் கணினி இயங்கத் தொடங்காத நிலையைக் குறிக்கும். பாகங்களைத் தனித்தனியாக வாங்கி வீட்டிலேயே பூட்டிய கணினிகளில் இது பெரும்பாலும் முதல் நாளிலேயே தலைகாட்டும். முழுமையாகப் பூட்டி விற்கப்படும் கணினி, தொழிற்சாலையிலோ கடையிலோ ஒருமுறையேனும் இயக்கிப் பார்க்கப்பட்டிருக்கும். வீட்டில் பூட்டிய கணினிக்கு அந்த வாய்ப்பு இல்லை. அதன் மின்வழங்கி, தாய்ப்பலகை, மையச் செயலி, நினைவகம் ஆகியவை ஒன்றோடொன்று இணைந்து இயங்குவது அப்பொழுதுதான் முதன்முறை.

"மின்சாரம் ஏறவில்லை, ஆகவே மின்வழங்கி கெட்டுவிட்டது" என்பது இப்பழுது குறித்துப் பரவலாக உள்ள தவறான எண்ணமாகும். தற்காலக் கணினியின் தொடக்கப் பொத்தான், மின்விளக்கின் பொத்தானைப் போல மின்சாரத்தை நேரடியாகச் செலுத்துவதோ நிறுத்துவதோ இல்லை. அது ஒரு வேண்டுகோளை மட்டுமே விடுக்கிறது. அவ்வேண்டுகோள் தாய்ப்பலகை வழியே மின்வழங்கியை அடைந்து, அங்கிருந்து மறுமொழி திரும்பிய பின்னரே கணினி உயிர்பெறும். இச்சங்கிலி எந்தக் கண்ணியில் அறுந்துள்ளது என்று கண்டறிவதே பழுதறிதல் ஆகும். அதைச் செய்யாமல் புதிய மின்வழங்கி ஒன்றை வாங்கி மாட்டிவிட்டு, பழுது அப்படியே நீடிப்பதைக் கண்டு திகைப்போர் பலர். இந்தியக் கடைத்தெருக்களில் மின்வழங்கி எஸ்.எம்.பி.எஸ் என்ற பெயரிலேயே அறியப்படுகிறது.

வரலாறு

ஐ.பி.எம் நிறுவனம் 1984ஆம் ஆண்டில் வெளியிட்ட பி.சி ஏ.டி கணினியிலும் அதைப் பின்பற்றிய கணினிகளிலும் தொடக்க விசை உண்மையான மின்விசையாகவே இருந்தது. வீட்டு மின்சாரம் அவ்விசை வழியாகவே மின்வழங்கிக்குள் சென்றது. விசை பெட்டியின் முன்புறம் அமைந்த கணினிகளில், 230 வோல்ட்டு பாயும் தடித்த வடம் பெட்டிக்குள்ளேயே ஓடியது. தாய்ப்பலகைக்கான மின்சாரம் பி8, பி9 என்னும் இரு தனி இணைப்பிகள் மூலம் வழங்கப்பட்டது. இவ்விரண்டையும் இடம் மாற்றிச் செருகினால் தாய்ப்பலகை எரிந்துபோகும். கறுப்புக் கம்பிகள் நடுவில் அருகருகே அமைய வேண்டும் என்பதே அக்காலத்தில் கணினி பூட்டியவர்களுக்குச் சொல்லித் தரப்பட்ட முதல் பாடம்.

1995ஆம் ஆண்டில் இன்டெல் நிறுவனம் அறிமுகப்படுத்திய ஏ.டி.எக்ஸ் தரம் இவ்வமைப்பை மாற்றியது. இரு இணைப்பிகளுக்குப் பதிலாக, ஒரே திசையில் மட்டும் பொருந்தும் 20 முனை இணைப்பி வந்தது. தொடக்க விசை, சிறு மின்னழுத்தத்தில் இயங்கும் பொத்தானாயிற்று. மென்பொருளே கணினியை அணைக்கவும், வலையமைப்பு வழியாக அதை எழுப்பவும் இதனால் வழி பிறந்தது. 2000ஆம் ஆண்டில் பென்டியம் 4 செயலிகளுக்காக 4 முனைகள் கொண்ட தனி 12 வோல்ட்டு இணைப்பி சேர்க்கப்பட்டது. 2003ஆம் ஆண்டில் முதன்மை இணைப்பி 24 முனைகளாக விரிவடைந்தது.

மின்தொடக்கம் நிகழும் முறை

சுவரிலிருந்து வரும் 230 வோல்ட்டு மாறுதிசை மின்சாரம், மின்வழங்கிக்குள் முதலில் ஏறத்தாழ 325 வோல்ட்டு நேர்திசை மின்சாரமாக மாற்றப்பட்டுப் பெரிய மின்தேக்கியில் சேமிக்கப்படுகிறது. கணினி அணைந்திருக்கும்போதும் மின்வழங்கியின் ஒரு சிறு சுற்று மட்டும் விழித்திருக்கும். அது ஊதா நிறக் கம்பியில் 5 வோல்ட்டை இடையறாது தாய்ப்பலகைக்கு அளிக்கிறது. இது காத்திருப்பு மின்னழுத்தம் எனப்படும். வீட்டில் எல்லோரும் உறங்கும்போது வாயிற்காவலர் மட்டும் விழித்திருப்பதற்கு இதனை ஒப்பிடலாம்.

பொத்தானை அழுத்தும்போது தாய்ப்பலகையிலுள்ள இரு ஊசிகள் ஒரு கணம் ஒன்றோடொன்று இணைகின்றன. காத்திருப்பு மின்சாரத்தில் இயங்கும் கட்டுப்பாட்டுச் சில்லு இதனை உணர்ந்து, பச்சை நிறக் கம்பியின் மின்னழுத்தத்தைச் சுழியத்துக்கு அருகில் இறக்குகிறது. "இயங்குக" என்று மின்வழங்கிக்கு விடுக்கப்படும் வேண்டுகோள் இதுவே. உடனே 12, 5, 3.3 வோல்ட்டு வழங்கல்கள் எழுகின்றன. அவை நிலைபெற்ற பின், 0.1 முதல் 0.5 விநாடிக்குள் மின்வழங்கி சாம்பல் நிறக் கம்பியில் 5 வோல்ட்டு அளித்து, மின்சாரம் சீராக உள்ளதென அறிவிக்கிறது. இவ்வறிவிப்பு வரும்வரை மையச் செயலி இயங்க விடப்படுவதில்லை. வந்த பின்னரே செயலி விடுவிக்கப்பட்டு, பயாஸ் நிரலின் முதல் கட்டளையை நிறைவேற்றத் தொடங்குகிறது.

ஆகவே ஊதா, பச்சை, சாம்பல் ஆகிய மூன்று கம்பிகளே பழுதறிதலுக்கு முதன்மையானவை. சில மின்வழங்கிகளில் எல்லாக் கம்பிகளும் கறுப்பு நிறத்திலேயே வருகின்றன. அவற்றில் முனையின் எண்ணைக் கொண்டே கம்பியை அடையாளம் காண வேண்டும். 24 முனை இணைப்பியில் சாம்பல் 8ஆம் முனையிலும், ஊதா 9ஆம் முனையிலும், பச்சை 16ஆம் முனையிலும் அமைந்துள்ளன.

அறிகுறிகளைப் பிரித்தறிதல்

"கணினி ஓடவில்லை" என்ற ஒரே முறையீட்டில் மூன்று வேறுபட்ட நிலைகள் அடங்கியிருக்கக்கூடும். முதலாவது, ஒலியோ ஒளியோ அசைவோ எதுவும் இல்லாத நிலை. இரண்டாவது, விசிறிகள் ஒரு கணம் அசைந்து உடனே நின்றுவிடும் நிலை. மூன்றாவது, விசிறிகள் தொடர்ந்து சுழன்றாலும் திரை இருண்டே கிடக்கும் நிலை. மூன்றாவதில் மின்வழங்கி தன் பணியைத் தொடங்கிவிட்டது. தடை பெரும்பாலும் அதற்கு அப்பால் உள்ளது. இவ்வேறுபாட்டைக் கவனிக்காமல் தொடங்கும் பழுதறிதல் வீண் அலைச்சலாகவே முடியும்.

எவ்வித அசைவும் இல்லாமை

முதலில் பார்க்க வேண்டியவை, சொல்லவும் வெட்கப்படும் அளவுக்கு எளியவை. மின்வழங்கியின் பின்புறத்தில் கோடும் வட்டமும் பொறித்த ஒரு சிறு விசை உண்டு. கோடுள்ள பக்கம் அழுந்தியிருந்தால் மட்டுமே மின்சாரம் உட்செல்லும். கணினி பூட்டும்போது பாதுகாப்புக்காக அதை அணைத்துவிட்டு, பின்னர் மறந்துவிடுவது இயல்பே. சுவரிலுள்ள மின்வாயில் வேறொரு கருவியைச் செருகிப் பார்ப்பதும், மின்வடத்தை மாற்றிப் பார்ப்பதும் அடுத்தவை. சிங்கப்பூர், மலேசியா ஆகிய நாடுகளில் வழங்கும் பிரித்தானிய வகைச் செருகிக்குள் ஓர் உருகி இருக்கும். அது உருகிப்போயிருந்தாலும் கணினி மரம்போலக் கிடக்கும். பழைய மின்வழங்கிகள் சிலவற்றில் 115, 230 எனக் குறித்த சிவப்பு நிறத் தெரிவு விசை காணப்படும். 230 வோல்ட்டு வழங்கும் நாட்டில் அதை 115இல் வைத்து இயக்கினால் உள்ளிருக்கும் பாகங்கள் வெடிக்கக்கூடும்.

இவை சரியாக இருப்பின் தாய்ப்பலகையில் சிறு விளக்கு எரிகிறதா என்று பார்க்கலாம். பல தாய்ப்பலகைகளில் காத்திருப்பு மின்னழுத்தம் வந்ததும் ஒளிரும் விளக்கு உண்டு. அது எரிந்தால் சுவரிலிருந்து தாய்ப்பலகை வரையுள்ள பாதை பெரும்பாலும் நலமே. மின்வழங்கி முழுவதும் நலம் என்பதற்கு அது சான்றாகாது.

அடுத்து ஐயுற வேண்டியது பொத்தான். பெட்டியின் முன்புறத்திலிருந்து வரும் மெல்லிய கம்பிகளைத் தாய்ப்பலகையின் ஓரத்திலுள்ள ஊசிகளில் செருகுவது, கணினி பூட்டுவதிலேயே மிகவும் எரிச்சலூட்டும் வேலை எனலாம். ஊசிகள் நெருக்கமானவை, பலகையில் பொறித்த எழுத்துகளோ கண்ணுக்கு எட்டாதவை. ஓர் ஊசி தள்ளிச் செருகினாலும் பொத்தான் பயனற்றுப்போகும். தாய்ப்பலகையின் கையேட்டில் உள்ள படமே இதற்குச் சரியான வழிகாட்டி. பொத்தானின் இரு கம்பிகளை எப்பக்கம் திருப்பிச் செருகினாலும் தவறில்லை. விளக்குகளுக்கான கம்பிகளுக்கு மட்டுமே நேர், எதிர் வேறுபாடு உண்டு.

பொத்தானைச் சோதிக்க, அதன் கம்பியைக் கழற்றிவிட்டு, தொடக்கத்துக்குரிய இரு ஊசிகளையும் திருப்புளியின் நுனியால் ஒரு கணம் தொட்டு இணைத்தால் போதும். அவ்வூசிகளில் உள்ளது சிறு மின்னழுத்தமே, அதனால் ஆபத்தில்லை. ஆனால் நுனி பக்கத்து ஊசிகளில் படலாகாது. கணினி ஓடத் தொடங்கினால் குறை பொத்தானிலோ அதன் கம்பியிலோ உள்ளது. பெட்டியிலுள்ள மீள்தொடக்கப் பொத்தானின் கம்பியை அங்கு செருகி, அதையே தொடக்கப் பொத்தானாகப் பயன்படுத்தலாம். இரண்டும் ஒரே வகையானவை.

பொத்தான் அழுந்தியபடியே சிக்கிக்கொள்வதும் உண்டு. தொடக்கப் பொத்தானை ஏறத்தாழ 4 விநாடி அழுத்திப் பிடித்தால் கணினி அணைந்துவிடும் என்பது ஏ.டி.எக்ஸ் கணினிகளின் பொது வழக்கம். எனவே கணினி ஓடத் தொடங்கி, ஒவ்வொரு முறையும் நான்கைந்து விநாடிகளில் அணைந்தால், மற்றவற்றைக் கழற்றுமுன் பொத்தானைப் பார்ப்பது நல்லது. மீள்தொடக்கப் பொத்தான் சிக்கினால் விசிறிகள் சுழலும், செயலியோ ஒருபோதும் விடுவிக்கப்படாது.

பன்மானி கொண்டு சோதித்தல்

கடைத்தெருவில் மல்டிமீட்டர் எனப்படும் பன்மானி, ஊகத்துக்கு இடமின்றிப் பழுதின் இருப்பிடத்தைச் சுட்டவல்லது. நேர்திசை மின்னழுத்தம் அளக்கும் நிலையில் வைத்து, கறுப்பு முனையைப் பெட்டியின் வண்ணம் பூசாத உலோகப் பகுதியிலும், சிவப்பு முனையை 24 முனை இணைப்பியின் பின்புறத்திலுள்ள கம்பித் துளையிலும் வைத்து அளக்க வேண்டும். இணைப்பி தாய்ப்பலகையில் செருகப்பட்டே இருக்க வேண்டும்.

முதலில் ஊதாக் கம்பி. கணினி அணைந்த நிலையிலும் அதில் 4.75 முதல் 5.25 வோல்ட்டு இருக்க வேண்டும். இல்லையெனில் மற்ற சோதனைகளுக்குப் பொருளில்லை. 24 முனை இணைப்பியைப் பலகையிலிருந்து பிரித்து மீண்டும் அளக்கலாம். அப்போதும் இல்லையெனில் மின்வழங்கி பழுதானது. பிரித்ததும் 5 வோல்ட்டு தோன்றினால் தாய்ப்பலகையில் ஏதோ ஒன்று அதனை விழுங்குகிறது.

அடுத்துப் பச்சைக் கம்பி. அணைந்த நிலையில் இதன் மின்னழுத்தம் 2 வோல்ட்டுக்கு மேல், பொதுவாக 5 வோல்ட்டை ஒட்டி இருக்கும். பொத்தானை அழுத்தும்போது அது 0.8 வோல்ட்டுக்குக் கீழ் இறங்க வேண்டும். இறங்காவிடில் வேண்டுகோள் மின்வழங்கியைச் சென்றடையவே இல்லை; குறை பொத்தானிலோ தாய்ப்பலகையிலோ உள்ளது. இறங்கியும் மஞ்சள், சிவப்பு, செம்மஞ்சள் கம்பிகளில் மின்னழுத்தம் எழவில்லையெனில், மின்வழங்கி வேண்டுகோளைக் கேட்டும் இயங்க மறுக்கிறது. அது தானே பழுதாகியிருக்கலாம், அல்லது குறுக்குச்சுற்றைக் கண்டு தன்னைத்தானே நிறுத்திக்கொண்டிருக்கலாம். இவ்விரண்டில் எது என்று அறிய, மின்வழங்கியைத் தனியே இயக்கிப் பார்க்க வேண்டும்.

இதற்கு எல்லா இணைப்பிகளையும் கழற்றிவிட்டு, 24 முனை இணைப்பியின் பச்சை முனையையும் அருகிலுள்ள கறுப்பு முனையையும் வளைத்த கம்பி ஒன்றால் இணைத்து, பின்னர் மின்விசையைப் போடுவது வழக்கம். காகிதம் கோக்கும் கம்பியே இதற்குப் போதும். மின்வழங்கியின் விசிறி சுழன்றால் அது விழித்துவிட்டது எனலாம். ஆனால் குறைந்த சுமையில் விசிறியைச் சுழற்றாத மின்வழங்கிகளும் உள்ளன. அவற்றின் அமைதியைப் பழுதெனக் கொள்ளலாகாது; பெட்டி விசிறி ஒன்றை இணைத்துப் பார்க்க வேண்டும். இச்சோதனையில் தேறிய மின்வழங்கி, முழுச் சுமையில் தளர்ந்துபோகவும் கூடும். பெட்டியுடன் சேர்த்தே தரப்படும் மலிவான மின்வழங்கிகளின் மேல் அச்சிட்ட வாட்டு எண்ணை அப்படியே நம்புவது நன்றன்று.

கணினி ஓடும்போது மஞ்சள் கம்பியில் 11.4 முதல் 12.6 வரையும், சிவப்பில் 4.75 முதல் 5.25 வரையும், செம்மஞ்சளில் 3.14 முதல் 3.47 வரையும் இருத்தல் வேண்டும். சாம்பல் கம்பியில் 5 வோல்ட்டு வந்து நிலைக்க வேண்டும்.

விசிறி அசைந்து நிற்றல்

பொத்தானை அழுத்தியதும் விசிறிகள் அரைச் சுற்று சுற்றி நிற்பது, பெரும்பாலும் மின்வழங்கியின் காப்புச் சுற்று செயற்பட்டதன் அடையாளமாகும். அது தன் கடமையைச் செய்திருக்கிறது என்றே கொள்ள வேண்டும். இவ்வாறு நின்ற மின்வழங்கி பூட்டுண்ட நிலையில் இருக்கக்கூடும். சுவர் மின்சாரத்தைத் துண்டித்துச் சிறிது நேரம் காத்திருந்த பின்னரே அடுத்த சோதனையைச் செய்ய வேண்டும். காத்திராமல் பொத்தானை மீண்டும் மீண்டும் அழுத்துவோர், இரண்டாவது நிலையை முதலாவதாக மயங்கிக்கொள்வர்.

வீட்டில் பூட்டிய கணினியில் குறுக்குச்சுற்று ஏற்படக் காரணமாவது பெரும்பாலும் ஒரு சிறு பித்தளைத் தாங்கியே. தாய்ப்பலகை பெட்டியின் உலோகத் தகட்டில் படாதிருக்க இத்தாங்கிகளின் மேல் பொருத்தப்படுகிறது. தாய்ப்பலகைகள் பல அளவுகளில் வருவதால் பெட்டியில் தாங்கிகளுக்கான துளைகளும் மிகுதி. பலகையில் துளை இல்லாத இடத்தில் ஒரு தாங்கி எஞ்சியிருந்தால், அது பலகையின் அடிப்புறச் சுற்றைத் தொட்டுப் பெட்டியோடு இணைத்துவிடும். தவறி விழுந்து பலகைக்கு அடியில் ஒளிந்த திருகாணியும் இதையே செய்யும்.

இதைக் கண்டறிய, தாய்ப்பலகையை வெளியே எடுத்து, அது வந்த அட்டைப்பெட்டியின் மேல் வைத்து, செயலி, அதன் குளிர்விப்பான், ஒரே ஒரு நினைவகத் துண்டு, மின்வழங்கி ஆகியவற்றோடு மட்டும் இயக்கிப் பார்க்கலாம். இந்நிலையில் ஓடினால் குற்றம் பெட்டியிலோ கழற்றி வைத்த பாகங்களிலோ உள்ளது. ஒரு நேரத்தில் ஒரு பாகத்தை மட்டும், ஒவ்வொரு முறையும் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டுச் சேர்த்து வர வேண்டும். பலகை வந்த உலோகப் பூச்சுடைய பையின் மேல் வைத்து இயக்கலாகாது. அப்பையின் வெளிப்புறம் மின்கடத்தும் தன்மை கொண்டிருக்கலாம்.

செயலிக்கான 8 முனை இணைப்பியும் வரைகலை அட்டைக்கான 8 முனை இணைப்பியும் தோற்றத்தில் ஒத்தவை. ஆனால் 12 வோல்ட்டு முனைகளும் எதிர்முனைகளும் அவற்றில் இடம் மாறியுள்ளன. வார்ப்பு வடிவம் வேறுபடுவதால் ஒன்று மற்றொன்றில் எளிதில் நுழையாது. வலிந்து நுழைத்தால் விளைவது நேரடிக் குறுக்குச்சுற்றே.

விசிறி சுழன்றும் திரை இருண்டிருத்தல்

செயலிக்கான தனி 12 வோல்ட்டு இணைப்பியைச் செருக மறப்பது இதற்கு முதற்காரணம். பலகையின் மேல் மூலையில், குளிர்விப்பானின் நிழலில் இருப்பதால் அது கண்ணில் படுவதில்லை. நினைவகத் துண்டு முழுதும் அழுந்தாதிருத்தல் அடுத்தது.

திரையின் வடத்தைத் தவறான துளையில் செருகுவதும் உண்டு. தனி வரைகலை அட்டை இருக்கும்போது வடம் அதில்தான் செருகப்பட வேண்டும். பெயர் எஃப் என்ற ஆங்கில எழுத்தில் முடியும் இன்டெல் செயலிகளிலும், 2017இல் வெளிவரத் தொடங்கிய ரைசன் வரிசையின் தொடக்கக்காலச் செயலிகள் பெரும்பாலானவற்றிலும் உள்ளிணைந்த வரைகலை இல்லை. இவற்றில் தாய்ப்பலகையின் திரைத் துளை வெறும் துளையே. பயாஸ் பழையதாக இருப்பதும் ஒரு காரணமாகலாம். சான்றாக, 2018இல் வெளிவந்த பி450 வகைத் தாய்ப்பலகை, பயாஸ் புதுப்பிக்கப்படாதவரை 2020 இறுதியில் வந்த ரைசன் 5000 வரிசைச் செயலிகளை ஏற்காது. டி.டி.ஆர்5 நினைவகம் பூட்டிய கணினி, முதன்முறை நினைவகத்தை அளவிட்டுப் பழகச் சில நிமிடங்கள் எடுத்துக்கொள்ளும். இடையில் மின்சாரத்தைத் துண்டித்தால் அது மீண்டும் முதலிலிருந்தே தொடங்கும். இங்கு தேவைப்படுவது பொறுமை மட்டுமே.

நாள்பட்ட கணினிகள்

ஆண்டுகள் பல ஓடிய கணினி திடீரென நின்றால் ஐயம் மின்தேக்கிகளின் மேல் விழும். 2000களின் தொடக்க ஆண்டுகளில் தயாரான தாய்ப்பலகைகள் ஏராளமாக, தரமற்ற மின்பகுபொருள் அடங்கிய மின்தேக்கிகளால் பழுதாயின. மேற்புறம் தட்டையாக இருக்க வேண்டிய மின்தேக்கி உப்பியிருப்பதும், பழுப்பு நிறக் கசிவு காணப்படுவதும் இதன் அடையாளங்கள்.

ஆபத்துகள்

மின்வழங்கியின் பெட்டியைத் திறத்தல் கூடாது. மின்வடத்தைப் பிடுங்கிய பின்னும் உள்ளிருக்கும் பெரிய மின்தேக்கியில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கக்கூடும். திறன் காரணியைத் திருத்தும் சுற்றுள்ளவற்றில் இது 400 வோல்ட்டை நெருங்கும். இது உயிரைப் பறிக்கப் போதுமானது. கணினி பழுதறிதலில் உயிருக்கு ஆபத்து உள்ள இடம் பெரும்பாலும் இது ஒன்றே.

பொருளுக்கு ஆபத்து விளைப்பது வடங்களின் கலப்பு. வடங்களைக் கழற்றி மாட்டக்கூடிய மின்வழங்கிகளில், பாகங்களின் பக்கமுள்ள முனைகள் மட்டுமே தரப்படுத்தப்பட்டவை. மின்வழங்கியின் பக்கமுள்ள முனைகளின் வரிசையை ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி அமைக்கிறது. ஒரே நிறுவனத்தின் இரு வகைகளுக்கிடையிலும் இது மாறலாம். மின்வழங்கியை மட்டும் மாற்றிவிட்டுப் பழைய வடங்களையே பயன்படுத்தினால், 5 வோல்ட்டு செல்ல வேண்டிய இடத்தில் 12 வோல்ட்டு சென்று வன்தட்டுகள் எரிந்துபோகலாம். ஒரு மின்வழங்கியின் பழுதைத் தேடப் புறப்பட்டுப் பல ஆண்டுத் தரவுகளையும் நிழற்படங்களையும் இழக்க நேர்வது இவ்வாறே.

புவித்தொடுப்பு இல்லாத மின்வாயும் கவனிக்கத்தக்கது. மின்வழங்கியின் நுழைவாயிலில் இரைச்சலை வடிகட்டும் சிறு மின்தேக்கிகள் புவிக்கம்பியோடு இணைந்துள்ளன. அக்கம்பி எங்கும் சேராதபோது கணினிப் பெட்டி ஏறத்தாழ 115 வோல்ட்டில் மிதக்கும். பாயும் மின்னோட்டம் மிகச் சிறிது என்றாலும், பெட்டியைத் தொடும்போது விரலில் சுருக்கென்ற உணர்வு ஏற்படும். பழைய வீடுகளில் இதனைக் கணினியின் பழுதென எண்ணிப் பாகங்களை மாற்றுவோர் உண்டு. மாற்ற வேண்டியது வீட்டின் மின்னிணைப்பையே.

புதிய தரம்

2020ஆம் ஆண்டளவில் இன்டெல் முன்வைத்த ஏ.டி.எக்ஸ் 12 வி.ஓ தரத்தில் மின்வழங்கி 12 வோல்ட்டை மட்டுமே அளிக்கிறது. 5, 3.3 வோல்ட்டுகளைத் தாய்ப்பலகையே உருவாக்கிக்கொள்ளும். முதன்மை இணைப்பி 10 முனைகளாகச் சுருங்கியது. காத்திருப்பு மின்னழுத்தமும் 12 வோல்ட்டாயிற்று. இத்தகைய கணினிகளுக்கு மேற்கூறிய முனை எண்களும் அளவுகளும் பொருந்தா.